பிரேக் போட்டால் இடப்பக்கம்

காலை 9.10. ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கியதும் முதலில் கண்ணில் பட்டது ஒரு காரின் முன் பம்பர். அதன் இடது மூலையில் மஞ்சளும் கறுப்புமாகப் பெயின்ட் ஈஷியிருந்தது. நடைபாதை ஓரக்கல்லுக்கு அடிக்கும் பெயின்ட். ஷட்டர் இன்னும் மேலே போனதும், காரின் இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்க்காமல் நிற்பது தெரிந்தது.

2007, மழை விட்டிருந்த ஒரு சனிக்கிழமை. மாதாப்பூரிலிருந்து கொண்டாப்பூர் போகும் சாலையில் இருந்த ஒரு டயர் கடையில் வீல் அலைன்மென்ட் பே, அதாவது வண்டியை நிறுத்திச் சக்கரக் கோணங்களைச் சரிசெய்யும் இடம், என் பொறுப்பில் இருந்தது. நான் சிகந்திராபாத்தில் பிறந்து வளர்ந்தவன். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கும் தக்னி உருதும். சாஃப்ட்வேர் வேலைக்குத் தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கியவர்கள் கடையில் தமிழ்க் குரல் கேட்டால் நேராக என்னிடம் வந்துவிடுவார்கள். பிரபாகரும் அப்படி வந்தவர்தான். ஈரோட்டுக்காரர், மாதாப்பூரில் ஒரு கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தார். உடன் வந்தவர் அவர் மனைவி சுகன்யா.

அந்த வண்டியை எனக்குத் தெரியும். இரண்டு வாரத்துக்கு முன் அதே பேயில் அதற்கு அலைன்மென்ட் செய்திருந்தேன்.

1. பச்சை

பிரபாகர் தன் செடானுக்கு வெளிச்சந்தையில் அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன் கிட் வாங்கி மாட்டியிருந்தார். முன் சக்கரத்தைத் தாங்கும் தூணான ஸ்ட்ரட்டின் உடம்பில் மரை வெட்டியிருக்கும். ஸ்பிரிங் உட்காரும் வளையத்தை அந்த மரையில் திருகி மேலேற்றினால் வண்டி உயரும், கீழிறக்கினால் தாழும். பின்பக்கம் உயரம் குறைந்த ஸ்பிரிங். அந்த நாட்களில் ஐ.டி. பையன்களிடம் இது பரவியிருந்தது. வண்டி தரையோடு ஒட்டிப் போக வேண்டும், டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி தெரியக்கூடாது. ஸ்பீடு பிரேக்கர் வந்தால் மட்டும் கடவுளை வேண்டிக்கொண்டு குறுக்காக ஏற்றி இறக்குவார்கள்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒரு விளக்கம். வண்டியைத் தாழ்த்தினால் சக்கரத்தின் கோணங்கள் மாறும். சக்கரத்தின் மேல் விளிம்பு உள்பக்கம் சாயும். இது கேம்பர். மேலிருந்து பார்த்தால் முன் சக்கரங்கள் இரண்டும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பும். இது டோ. ஆகவே கிட் மாட்டியவுடன் அலைன்மென்ட் கட்டாயம். பிரபாகர் அதைச் சரியாகவே செய்திருந்தார்.

அன்று நான்கு சக்கரத்திலும் சென்சார் மாட்டிப் பார்த்தபோது இடது கேம்பர் வலதைவிடக் கூடுதலாகக் காட்டியது. ஸ்ட்ரட் போல்ட்டில் கொஞ்சம் பிளே, அதாவது தளர்வு, இருக்கும். அதை வைத்து இரண்டையும் சமமாக்கினேன். பிறகு சக்கரத்தைத் திருப்பும் டை ராடைத் திருகி டோ வைத்தேன். ஸ்க்ரீனில் எல்லாக் கட்டமும் பச்சையானது. பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன்.

அந்த பிரிண்ட்தான் இப்போது பிரபாகர் சட்டைப் பையில் இருந்தது.

"சார், நீங்களே சொல்லுங்க. உங்க மிஷின்ல எல்லாம் கிரீன்தான? வண்டி நல்லாத்தான இருக்கு?"

"பார்த்துச் சொல்றேன். என்ன ஆச்சு?"

"மியாப்பூர் கிட்ட போயி ஓரக்கல்லுல ஏத்திட்டா. பஸ் ஸ்டாப்புல ஆளுங்க நின்னுட்டு இருந்தாங்க சார். ஒரு ஆறடி தள்ளி."

சுகன்யா காரின் அந்தப் பக்கத்திலிருந்து பேசினார். "ஏனுங்ணா, முன்னால போன ஆட்டோக்காரன் சடக்குனு நிறுத்திட்டான். நான் பிரேக் போட்டேன். ஸ்டீயரிங் நேராத்தானுங்க இருந்துச்சு. வண்டி அதுபாட்டுக்கு எடப்பக்கம் போயிருச்சு."

"அதுபாட்டுக்கு எப்படிப் போகும்? பயத்துல உன் கை திரும்பிருக்கும்."

"என் கை எங்க இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்களா?"

பேச்சு நகர நகர விஷயம் விளங்கியது. சுகன்யாவுக்கு ராமச்சந்திராபுரத்துக்கு அப்பால் ஒரு கம்பெனியின் டிசைன் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அந்த கம்பெனியின் பஸ் மாதாப்பூர்ப் பக்கம் வருவதில்லை. பிரபாகரின் ஆபீஸுக்கு வேன் உண்டு என்பதால் கார் சுகன்யாவுக்கு என்று பேசி வைத்திருந்தார்கள். சுகன்யா லைசென்ஸ் எடுத்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஓரக்கல் சம்பவத்துக்குப் பிறகு பிரபாகர் அவரை ஓட்ட விடவில்லை. சேரும் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லிப் பார்த்திருக்கிறார். கம்பெனி மறுத்துவிட்டது. அப்படியானால் அந்த வேலையே வேண்டாம் என்பது பிரபாகருடைய முடிவு.

"வண்டில கோளாறு இருந்தா சொல்லுங்க சார், சரி பண்ணிக்கலாம். இல்லைன்னா இல்லைன்னு அவ எதிரிலயே சொல்லிருங்க. ஒரு வாரமா வீட்டுல இதே பேச்சு."

முன் சக்கரங்களை டர்ன்டேபிள் தட்டுகளில் ஏற்றி மறுபடி சென்சார் மாட்டினேன். ஓரக்கல்லில் ஏறிய வண்டி என்பதால் டோ கலைந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். இடது பக்கம் மயிரிழை அளவு நகர்ந்திருந்தது. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருந்தது. ஸ்க்ரீன் பச்சை.

பிரபாகர் ஸ்க்ரீனைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

2. ஸ்டீயரிங்கில் வெள்ளை டேப்

வண்டி இடதுபக்கம் இழுக்கிறது என்பது எங்கள் கடையில் தினமும் கேட்கும் புகார். தமிழில் இழுக்குது, தெலுங்கில் லாகுதோந்தி, தக்னியில் கீஞ்ச்ரீ. பாதிப் புகாருக்குக் காரணம் சாலை. தண்ணீர் வடிய சாலை இடதுபக்கம் சரிந்திருக்கும். கையை விட்டால் எந்த வண்டியும் அந்தப் பக்கம்தான் போகும். அதனால் எங்களிடம் தயாராக ஒரு பதில் உண்டு: ரோடு அப்படி சார்.

சுகன்யா சொன்னது வேறு. கையை விட்டால் போகிறது என்று அவர் சொல்லவில்லை. பிரேக் போட்டால் போகிறது என்றார்.

கடைக்குப் பின்னால் கட்டடம் வராத ஒரு லேஅவுட் இருந்தது. புதுத் தார் போட்ட அகலமான சாலை, ஆள் நடமாட்டம் இல்லை. பேலன்ஸ் வெயிட் ஒட்டும் மேஜையிலிருந்து வெள்ளை டேப் ஒரு துண்டு கிழித்து, சக்கரம் நேராக இருக்கும்போது ஸ்டீயரிங்கின் உச்சியில் வரும் இடத்தில் ஒட்டினேன். மூவரும் கிளம்பினோம்.

முதலில் நான் ஓட்டினேன். ஐம்பது வரை போய் பிரேக் போட்டேன். வண்டி நேராக நின்றது. பின் சீட்டிலிருந்து பிரபாகர், "பாத்தியா?" என்றார்.

"அவரு பூப்போல போடறாருங்க. எனக்கு ஆட்டோக்காரன் அவ்வளவு நேரமா குடுத்தான்?"

இடம் மாறினோம். சுகன்யா சீட்டை முன்னால் இழுத்துக்கொண்டார். அதே வேகம். "இப்ப அன்னிக்குப் போட்ட மாதிரியே போடுங்க" என்றேன். நான் சாலையைப் பார்க்கவில்லை, டேப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிரேக் விழுந்தது. முன்பக்கம் குனிந்தது. டேப் உச்சியிலேயே இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வண்டி ஒரு டயர் அகலத்துக்கு மேல் இடப்பக்கம் விலகி நின்றிருந்தது.

"ரோடு சாய்வா இருக்குமோ சார்?" என்றார் பிரபாகர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது.

நியாயமான கேள்வி. வண்டியைத் திருப்பி, அதே தடத்தில் எதிர்த் திசையில் அதையே செய்யச் சொன்னேன். சாய்வுதான் காரணம் என்றால் இப்போது வலப்பக்கம் போக வேண்டும். மறுபடியும் இடப்பக்கமே போனது. டேப் அசையவில்லை. பிறகு நானே உட்கார்ந்து, சுகன்யா போட்டதுபோல மிதித்து நிறுத்தினேன். இடப்பக்கம்.

பிரபாகர் போக்குவரத்தை முன்கூட்டியே கவனித்து மெதுவாக நிறுத்தும் ஓட்டுநர். நானும் அப்படித்தான். எங்கள் இரண்டு பேர் காலுக்கும் அந்த வண்டி தன் குணத்தைக் காட்டவே இல்லை.

"டெஸ்டிங் டீமுன்னு பேரு. ஒரு டெஸ்ட்டும் பண்ணாம நேரா எம்மேலயே எழுதிட்டாரு" என்றார் சுகன்யா. என்னிடம் சொல்வதுபோல் சொன்னார்.

3. மூன்று விரல்

பேயில் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். முன் டயர்களை இடம் வலம் மாற்றி ஓட்டிப் பார்த்தோம். இழுப்பு மாறவில்லை, ஆகவே டயர் இல்லை. பிரேக் காலிப்பரின் பின்கள் இரண்டு பக்கமும் தாராளமாக நகர்ந்தன. பேடு தேய்மானம் சமம். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழியவில்லை. மிச்சம் இருந்தது கிட் மட்டும்தான்.

ஒரு டேப் மெஷர் எடுத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்தேன். அந்த நாட்களில் அலைன்மென்ட் கடைகளில் இது வழக்கமில்லை. முன் இடது பக்கம் வலதைவிட ஒன்றேகால் சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது.

பிரபாகர் உடனே சொன்னார். "அப்ப இடிச்சதுலதான சார் எறங்கிருக்கு? லெஃப்ட்டுதான கல்லுல ஏறுச்சு."

அப்படியும் இருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. ஸ்ட்ரட் வளைந்திருந்தால் அந்தப் பக்கம் உயரம் குறையும். வண்டி இழுத்ததால் கல்லில் ஏறியதா, கல்லில் ஏறியதால் இழுக்கிறதா? முதலாவது என்றால் சுகன்யா சொன்னது உண்மை. இரண்டாவது என்றால், சோதனை ஓட்டத்தில் நாங்கள் பார்த்ததெல்லாம் அவர் செய்த சேதத்தைத்தான்.

"கிட் மாட்டுனது யாரு?" என்று கேட்டேன்.

மெஹதிப்பட்டினத்தில் ஷெட் வைத்திருந்த யூசுப்பும் அவர் தம்பி நயீமும். எனக்கு வெகுநாள் பழக்கம். அம்மா வழி வாணியம்பாடி என்பதால் தமிழ் பேசுவார்கள். போன் செய்தேன். பகல் தொழுகை முடிந்து ஒரே ஸ்கூட்டரில் இரண்டு பேரும் வந்து இறங்கினார்கள்.

யூசுப் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "நம்ம வேலை பராபர் இருக்குமே சேகர் பாய். என்ன கம்ப்ளைன்ட்?"

"லெஃப்ட் தாழ்ந்திருக்கு" என்றேன்.

"நக்கோ பாய். நானே செட் பண்ணேன். மூணு விரல் கேப். டயர் மேல மூணு விரல் வெச்சா மட்கார்டு தொடணும். கஸ்டமர் சார் கேட்டதே அதுதான்."

"ஆமா, நான்தான் கேட்டேன்" என்றார் பிரபாகர். "ஃபோரம்ல எல்லாரும் த்ரீ ஃபிங்கர் கேப்புன்னுதான் போட்டிருந்தாங்க."

"ரெண்டு பக்கமும் நீங்களா பண்ணீங்க?" என்றேன்.

"ரைட் நான். லெஃப்ட் இவன். ஒரே நேரத்துல. வேலை சீக்கிரம் முடியணும்ல. வெள்ளிக்கிழமை அது."

எல்லோரும் நயீமைப் பார்த்தார்கள்.

"கைக்கு, ஏன் என்னைப் பார்க்குறீங்க? நானும் மூணு விரல்தான் வெச்சேன். பாய் சொன்னாரு, தீன் உங்லி. வெச்சேன்."

"அப்ப ஏன்டா தாழ்ந்திருக்கு?"

"உங்க ரைட்டு ஏறியிருக்கக்கூடாதா? எப்பவும் என் பக்கம்தான் தப்பா?"

"நான் இருபது வருஷமா மூணு விரல் வெக்கிறேன்."

"நான் வெக்கிறது என்ன, ரெண்டரையா?"

அண்ணன் தம்பி சண்டை வீட்டு விஷயத்துக்குள் போய், நயீம் போன ரம்ஜானுக்கு ஸ்கூட்டரை எடுத்துப்போய்த் திருப்பித் தராத கதைவரை வந்துவிட்டது. சுகன்யா அதுவரை இரண்டு பேரின் முகத்தையும் பார்க்காமல் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, மூணு விரலுன்னா யாரோட மூணு விரலுங்க?"

யூசுப் பேச்சை நிறுத்தினார். தன் வலது கையை விரித்துப் பார்த்தார். ஒவ்வொரு விரலும் பதினெட்டாம் நம்பர் ஸ்பானர் தடிமன் இருக்கும். நயீம் தன் கையை அதன் பக்கத்தில் நீட்டினார். ஒல்லியான, நீண்ட விரல்கள்.

"வெச்சுப் பாருங்க" என்றேன்.

வண்டி சமதரையில் நின்றிருந்தது. நயீம் இடது டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே மூன்று விரலை நுழைத்தார். கச்சிதமாக நின்றது. யூசுப் வலது பக்கம் நுழைத்தார். அங்கும் கச்சிதம். பிறகு பக்கம் மாறினார்கள். யூசுப்பின் மூன்றாவது விரல் இடது பக்கம் உள்ளேயே போகவில்லை. நயீமின் மூன்று விரலும் வலது பக்கம் ஆடின.

"அரே" என்றார் யூசுப்.

கல்லில் இடித்த பிறகு இடது பக்கம் தாழ்ந்திருந்தால் நயீமின் விரல் அங்கே இறங்கியிருக்காது. அவர் வைத்த உயரம் வைத்தபடியே இருந்தது. ஆனாலும் சந்தேகம் வேண்டாம் என்று சக்கரங்களைக் கழற்றி, ஸ்பிரிங் வளையத்துக்குக் கீழே இருந்த மரைகளை எண்ணினோம். இடது பக்கம் குறைவு. வித்தியாசம் அளவோடு பொருந்தியது. லாக் வளையத்தின் மேல் படிந்த புழுதி கலையவில்லை. ஸ்ட்ரட் ராடு நேராக இருந்தது.

பிரபாகர் குனிந்து இரண்டு பக்கத்தையும் பார்த்தார். நிமிர்ந்தபோது, "யூனிட் இல்லாம ஸ்பெக் குடுத்திருக்கேன்" என்றார். பிறகு யாரையும் பார்க்காமல், "அவ சொன்னதுதான் சரி" என்றார்.

"அதை எங்கம்மாகிட்ட போன்ல சொல்லுங்க. அவங்ககிட்டத்தான மொதல்ல சொன்னீங்க, அவளுக்கு ஓட்ட வராதுன்னு" என்றார் சுகன்யா.

4. மறுபடி ரோட்டில்

ஒன்றேகால் சென்டிமீட்டர் வித்தியாசம் வண்டியை ஏன் திருப்ப வேண்டும் என்று இளைஞர்கள் கேட்பார்கள். டை ராடு ஒரு முனையில் ஸ்டீயரிங் ராக்கோடும் மறுமுனையில் சக்கரத்தோடும் சேர்ந்திருக்கிறது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதன் வெளிமுனை ஒரு வளைவில் நகரும். இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில் இருந்தால் இரண்டு சக்கரமும் ஒரே அளவு திரும்பும், ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும். ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால், பலமாக பிரேக் போட்டு முன்பக்கம் குனியும்போது அந்தச் சக்கரம் கூடுதலாக வெளிப்பக்கம் திரும்பும். ஸ்டீயரிங் நேராக இருக்க, சக்கரம் தானே திரும்பும். மெதுவாக நிறுத்தினால் வண்டி குனியாது, இதுவும் தெரியாது. ஸ்க்ரீன் பார்ப்பது நின்றுகொண்டிருக்கும் வண்டியை. உயரம் கோணலாக இருந்தாலும் நிற்கும் நிலையில் டோவைப் பச்சைக்குக் கொண்டுவந்துவிடலாம். கேம்பரையும் போல்ட்டில் சமமாக்கிவிடலாம். இந்த வண்டியில் இரண்டும் செய்யப்பட்டிருந்தன.

இடது வளையத்தை யூசுப் உயர்த்தினார். டேப் மெஷரை நான் பிடித்தேன். இரண்டு பக்கமும் ஒரே டேப், ஒரே கை. வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, பானெட்டை அமுக்கி எழுப்பி, ஸ்பிரிங் உட்கார்ந்த பிறகு மறுபடி அளந்தேன். ஆர்ம் புஷ்ஷின் போல்ட்டுகளைத் தளர்த்தி, சக்கரம் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போது முறுக்கினோம். லிஃப்டில் தொங்கும்போது முறுக்கினால் புஷ் முறுகியே நிற்கும், சீக்கிரம் கிழியும். கிட் மாட்டுகிறவர்களில் பாதிப் பேர் இதைச் செய்வதில்லை.

சென்சார் மாட்டியபோது ஸ்க்ரீன் சிவப்பு. உயரம் மாறியதால் டோவும் கேம்பரும் கலைந்திருந்தன. முதலிலிருந்து எல்லாவற்றையும் வைத்தேன்.

லேஅவுட் சாலைக்கு நாங்கள் மூவரும் போனோம். யூசுப்பும் நயீமும் ஸ்கூட்டரில் பின்னால் வந்தார்கள். சுகன்யா ஓட்டினார். ஐம்பதில் போய் மிதித்தார். முன்பக்கம் குனிந்து, வண்டி நேராக நின்றது. திருப்பி வந்து மறுபடி மிதித்தார். நேராக நின்றது. மூன்றாவது முறை, நான் கேட்காமலேயே, அறுபதுக்கு மேல் ஏற்றி மிதித்தார்.

பின் சீட்டில் பிரபாகரின் தலை முன் சீட்டில் மோதியது. "போதும் தாயே" என்றார்.

"நேரா நின்னுச்சுங்களா?"

"நின்னுச்சு."

"இன்னொருக்காப் பாத்தரலாமுங்களா?"

"நக்கோ மேடம், வேணாம்" என்றேன் நான். டயர் எங்கள் கடையில் வாங்கியது, தேய்ந்தால் கேள்வி எங்களிடம்தான் வரும்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இரண்டு. வெளிச்சந்தை ஸ்பிரிங் போட்ட வண்டி வந்தால் சென்சார் மாட்டுவதற்கு முன்னால் நான்கு மூலையிலும் உயரம் அளக்க வேண்டும். அளப்பது ஒரே ஆளாக இருக்க வேண்டும். உயரம் கோணலாக இருந்தால் கோணங்களைத் தொடவே கூடாது. இரண்டாவது, வாடிக்கையாளர் எப்படி ஓட்டும்போது கோளாறு வருகிறது என்கிறாரோ அப்படியே ஓட்டிப் பார்க்க வேண்டும். முடிந்தால் அவரையே ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார வேண்டும். நமக்கு வராத கோளாறு இல்லாத கோளாறு ஆகிவிடாது. யூசுப் அடுத்த வாரமே ஷெட்டில் ஓர் இரும்பு ஸ்கேல் மாட்டினார். ஆனாலும் பேச்சில் கடைசிவரை மூணு விரல் என்றுதான் சொன்னார். யாராவது கேட்டால், "என் விரல்" என்று சேர்த்துக்கொள்வார்.

திங்கட்கிழமை காலை நான் ஷட்டர் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோது அந்த வண்டி கொண்டாப்பூர்ப் பக்கமாகக் கடையைத் தாண்டிப் போனது. ஓட்டுநர் சீட்டில் சுகன்யா, மற்ற சீட்டுகள் காலியாக இருந்தன.